நாலு மணி பஸ்ஸும் ஒரு இடது கை முடிச்சும்

என் அன்பு மாப்ள தேசப்பா,

வரும் ஆடியோடு நீ போய் மூன்று வருஷம். முதல் வருஷம் உனக்கு நினைவஞ்சலி போஸ்டர் நான்தான் எழுதினேன். கோட்டைக்குப்பத்தில் மனுவோ நோட்டீஸோ பத்திரிகையோ, எதுவானாலும் பன்னிரண்டாவது வரைக்கும் படித்த இந்த எத்திராஜிடம்தானே வருவார்கள்? 'திடீர் உடல்நலக் குறைவால்' என்று எழுதி, நீ கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு நிற்கிற போட்டோவைக் கொடுத்தேன். அதில் திடீரென்று எதுவும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அதை எழுதும்போது நானே அரை போதையில்தான் இருந்தேன்.

இந்த வருஷம் போஸ்டர் வேண்டாம், நடந்ததை நடந்தபடி ஒரு கடிதமாக எழுதி நாலு பேர் படிக்கக் கொடுக்கிறேன் என்று உன் பெண்டாட்டியிடம் கேட்டு அனுப்பினேன். உன் பெண் தேவி வழியாகத்தான் கேட்டேன். "எழுதட்டும், போஸ்டர்ல எழுதின மாதிரி பொய் மட்டும் வேணாம்" என்று பதில் வந்தது. கூடப் பிறந்த தங்கச்சி கோமதியிடம் நேரில் கேட்காமல் ஏன் ஆள் வைத்துக் கேட்டேன் என்று உனக்குத் தோன்றும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்தைப் பார், கோணல் இல்லை. கை நடுங்கவில்லை மாப்ள.

முதலில் ஊர் சேதி. முகத்துவாரம் மறுபடியும் மணல் அடைத்துக் கிடக்கிறது, தூர் வாருகிறோம் என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உன் படகு ஓடுகிறது, பெயிண்ட் அடித்தேன், பெயரை மாற்றவில்லை. தேவி பதினொன்றாவது போகிறாள், நர்ஸுக்குப் படிக்கப் போகிறாளாம். ஊசியைக் கண்டால் ஏரியில் குதித்து ஓடுகிற உனக்கு இப்படி ஒரு பெண்.

அடுத்த சேதி, நான் குடியை விட்டுப் பதினாலு மாசம் ஆகிறது. சிரிக்காதே. நீ சிரிப்பாய் என்று தெரிந்துதான் ஊர் சேதியை முதலில் சொன்னேன்.

ஐஸ் கடை பாயை உனக்கு நினைவில்லாமல் போகுமா? இங்கே அவரை அனீஸ் பாய் என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் உனக்குத் தெரியும், படிப்பவர்களுக்கு அது வேண்டாம். பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இஸ்திரி சட்டையும் அத்தருமாக நாலு மணி பஸ் ஏறிப் பொன்னேரி போவார், ராத்திரிக்குள் திரும்பிவிடுவார். எதற்குப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. "பாய் பொன்னேரில சின்ன வூடு வச்சினுகிறாரு மச்சான்" என்று முதலில் கிளப்பிவிட்டவனே நீதான். எந்தத் தெரு, வாசலில் என்ன மரம் என்பது வரைக்கும் சொல்லுவாய். நானும் அதை நம்பி, என் பங்குக்கு அந்த வீட்டுக்கு ஒரு மாடியும் கட்டி நாலு பேரிடம் சொன்னேன்.

நீ போன பிறகு நான் குடித்ததைச் சொன்னால் வெட்கம். நீ இருக்கும்போது பாதிப் பாட்டில், இல்லாதபோது முழுப் பாட்டில், அவ்வளவுதான். விட முயலாமலும் இல்லை. மாலை போட்ட நாற்பத்தெட்டு நாளும் வாயில் ஒரு சொட்டு படாது, கழற்றிய அன்றைக்கே சேர்த்து வைத்துக் குடிப்பேன். பஸ்ஸின் பின்னால் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து ஒரு பொடி கூட வாங்கினேன். குடிக்கிறவனுக்குத் தெரியாமல் மோரில் கலந்து கொடுக்க வேண்டுமாம். கல்யாணம் ஆகாதவனுக்கு யார் கலந்து கொடுப்பார்கள்? எனக்குத் தெரியாமல் எனக்கு நானே கலந்து கொடுத்துக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பேதி நின்றதும் மறுபடி கடைக்குப் போனேன்.

நீ போன மறு வருஷம் ஆவணியில் தேவி பெரியவளானாள். அப்பா இல்லாத பெண், தாய்மாமன் நான் ஒருத்தன். பட்டுப் பாவாடை, வளையல், சீர்த்தட்டு எதிலும் நான் குறை வைக்கவில்லை. சடங்கு அன்று காலையில் மாலை வாங்கி வருகிறேன் என்று பழவேற்காட்டுக்குப் போனேன். கை நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் போட்டேன். அப்புறம் இன்னொன்று. மாமன் வந்து மாலை போட்டால்தான் பெண்ணை மணையில் உட்காரவைக்க முடியும் என்று ஊரே காத்திருக்க, நான் பஸ் ஸ்டாண்டு ஓரம் அந்த மாலையையே தலைக்கு வைத்துக்கொண்டு கிடந்தேன்.

தேடிக்கொண்டு வந்தது கோமதிதான். என் தலைக்கு அடியிலிருந்து மாலையை உருவி, மண்ணை உதறினாள். "இனிமே உன்ன அண்ணன்னு கூப்புட மாட்டேன். எனக்கு அண்ணன் செத்துட்டான்" என்றாள். போய்விட்டாள். அந்த மாலையை யார் போட்டார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. எதிரில் வந்தால் மீன் கூடையை இந்தப் பக்கம் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு போவாள். நீயும் இல்லை, அவளும் இல்லை என்றால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் சொல்?

நாலு நாள் கழித்துப் படகுத்துறையில் அனீஸ் பாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஞாயித்துக்கெழம இன்னா வேல உனக்கு? என்கூட பொன்னேரி வா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வீட்டை எனக்கு எதற்குக் காட்டுகிறார்? ஒருவேளை ஏதாவது பஞ்சாயத்தோ, ஆள் துணை வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டேன். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று அரை கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் அவர் பொட்டலத்தைப் பார்த்தார். "இது யாருக்கு?"

"வூட்டுக்கு பாய்."

"எந்த வூட்டுக்கு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் கூட்டிக்கொண்டு போனது ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னால் இருந்த அறைக்கு. பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒரு லாரி டிரைவர், ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், பூக்கடை வைத்திருக்கிற ஓர் அம்மா, இன்னும் சிலர். "இன்னா பாய் இது?" என்றேன். "கூட்டம்" என்றார். ஒவ்வொருத்தராக எழுந்து, பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டு, அந்த வாரம் எப்படிப் போனது என்று பேசினார்கள். வாத்தியார் சொன்னதைக் கேட்டபோது என் கதையை இவருக்கு யார் சொன்னது என்று பாயை முறைத்தேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நம் ஊர்க் கூட்டம்தானே மாப்ள? அங்கே ஒருத்தனை நடுவில் நிற்கவைத்தால் அவன் தப்புச் செய்தவன். தோளில் இருக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, நாட்டார் சொல்கிற தண்டத்தைக் கட்டினால்தான் ஊரோடு சேர்த்துக்கொள்வார்கள். என் முறை வந்தது. எழுந்தேன், துண்டை இடுப்பில் கட்டினேன், பொத்தென்று வட்டத்துக்கு நடுவில் விழுந்தேன். "குடிச்சது தப்புதான். தண்டம் எவ்ளோனு சொல்லுங்க, கட்டிடறேன்" என்று சிமெண்ட் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பாய் நாற்காலியை விட்டு இறங்கி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எழுந்துரு எத்திராஜு. இங்க நாட்டாரு யாரும் இல்ல. எல்லாரும் விழுந்து எழுந்தவங்கதான்."

"அப்ப தண்டம்?"

"அடுத்த வாரமும் வா. அவ்ளோதான்."

டீ வேளையில் ஜாங்கிரி வெளியே வந்தது. யாருக்கு வாங்கினேன் என்று நான் உண்மையைச் சொன்னதும்தான் சிரித்தார்கள். வாத்தியாருக்குப் புரையேறி, பூக்கடை அம்மா முதுகில் தட்டினாள். பாய்க்கு அந்தச் சின்ன வீட்டுக் கதை முன்பே தெரியுமாம். "குடிச்சேன்னு தெரிஞ்சா எங்க ஆளுங்க மத்தியில தல தூக்க முடியாது. சின்ன வூடுனா கிண்டல் பண்ணிட்டு வுட்டுடுவாங்க. அதான் நானும் மறுக்கல" என்றார். ஞாயிறு தோறும் அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பதே அவர் பேகம்தானாம். அங்கே பேசுவது அங்கேயே இருக்க வேண்டும் என்பது வழக்கம், அதனால் இதையெல்லாம் எழுதலாமா என்று எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். "பேர மாத்திட்டு ஜாங்கிரிய வுட்டுடாத" என்றார் பாய்.

மூன்றாவது வாரம் எனக்குக் கிடைத்தது ஒரு பச்சை நாற்காலி. அதன் கைப்பிடி உடைந்து, நீல நைலான் நூலால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. லாரி டிரைவர் பேசிக்கொண்டிருந்தார். என் விரல் சும்மா அந்த நூலைத் தடவிக்கொண்டிருந்தது. தடவிக்கொண்டே வந்த விரல் முடிச்சில் நின்றுவிட்டது.

நம் குப்பத்தில் வலை கட்டுகிறவன் எல்லாம் வலது கைக்காரன். நீ ஒருத்தன்தான் பீச்சாங்கை. உன் முடிச்சு எதிர்ப்பக்கம் சாய்ந்து உட்காரும். நீ கட்டிய வலை கிழிந்து அதை இன்னொருத்தன் தைக்க உட்கார்ந்தால், உன்னைத் திட்டாமல் ஒரு கண்ணி தைக்க முடியாது. இருபது வருஷம் உன்னைத் திட்டிக்கொண்டே தைத்தவன் நான். அந்த முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

"இத யாரு பாய் கட்னது?" என்று கேட்டேன். "இங்க யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னு நாங்க சொல்றதில்ல" என்றார். சொல்லிவிட்டு டீ டம்ளர்களை எண்ணுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நீ சாவதற்கு எட்டு மாசத்துக்கு முன்னால், நாலு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரிக்கு நூல் வாங்கப் போகிறேன் என்று போனாய். ஐந்தாவது ஞாயிறு உன்னை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நீ அந்தக் கட்டம் போட்ட சட்டையில் இருந்தாய், தலை வாரியிருந்தாய்.

"இன்னா மாப்ள, வாரா வாரம் நூலு வாங்கறேன்ற, வலையே காணோம்? பாயோட சேந்து நீயும் சின்ன வூடு பாத்துட்டியா?"

"இல்ல மச்சான், ஒரு வேல கீது. வுடு."

"மச்சான் கூப்புட்டா வரமாட்டியா? இன்னிக்கி ஒரு நாளு" என்று உன் கையைப் பிடித்தேன். வண்டி கிளம்பிவிட்டது. நீ பஸ்ஸை ஒரு தரம் பார்த்தாய், என்னை ஒரு தரம் பார்த்தாய். என்னோடு வந்துவிட்டாய்.

படகில் உட்கார்ந்து நான்தான் ஊற்றினேன். முதல் மடக்குக்கு முன்னால், "நாலு வாரம் நல்லா இருந்துச்சு மச்சான்" என்றாய். எது நல்லா இருந்தது என்று நான் ஏன் கேட்கவில்லை? அதற்குப் பிறகு நீ அந்த பஸ்ஸில் ஏறவில்லை. மஞ்சள் காமாலை, வயிறு வீங்கியது, மெட்ராஸ் ஆஸ்பத்திரி. அங்கே பத்து நாள் உன் கட்டிலுக்குக் கீழேதான் படுத்திருந்தேன். அப்போதுகூட நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே மாப்ள. என் மேல் கோபமா, இல்லை நான் தாங்கமாட்டேன் என்றா?

முடிச்சைப் பார்த்த வாரமே நான் மறுபடி குடித்தேன். விடுவதும் தொடுவதுமாகச் சில மாசம் அப்படியே ஓடியது. விழுந்த ஒவ்வொரு தடவையும் பாய் வந்து எழுப்பிக் கூட்டிப்போனார். கடைசியாக விட்டதிலிருந்துதான் இந்தப் பதினாலு மாசம். கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "நீ ஊத்தலனா வேற ஒருத்தன் ஊத்தியிருப்பான்" என்றார் வாத்தியார். இருக்கலாம். ஆனால் ஊற்றியது நான்தானே? யாருக்குத் தப்புச் செய்தோமோ அவர்களிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பார்கள் அங்கே. எனக்குச் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்திதான். இதைச் சொல்லாமல் எத்தனை மாசம் தாக்குப்பிடித்தாலும் ஒரு நாள் உடைந்துவிடுவேன் என்று தெரிந்தது. சொன்னால் அவள் என்னை ஒரேயடியாகத் தலைமுழுகிவிடுவாள் என்றும் தெரிந்தது. ஒரு வருஷம் இழுத்தடித்தேன்.

போன மாசம், வைகாசியில் ஒரு காலை, ஏலக் கொட்டகைக்குப் பின்னால் நிழலில் கோமதி இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். துண்டை இடுப்பில் கட்டி மணலில் விழுந்தேன். "இன்னா கூத்து இது" என்றாள், என்னிடம் இல்லை, இறாலிடம். தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, முடிச்சு, நாலு ஞாயிறு, ஐந்தாவது ஞாயிறு, நான் கையைப் பிடித்தது, முதலில் ஊற்றியது.

இறால் கூடையில் விழுகிற சத்தம் நின்றுபோனது. கோமதி பேசினாள். "நாலு வாரமும் வெறுங்கையோட வந்தாரு. நூலு எங்க, குடிச்சி தொலச்சிட்டியானு கேட்டுக் கத்தினேன். ஒரு வாட்டி என் மூஞ்சில ஊதிக் காட்டினாரு. நாத்தமே இல்ல. அப்பவும் நம்பலியே நான்."

அவள் அழுதாள். நீ செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. நான் மணலில் முகத்தை வைத்தபடியே, "தண்டம் சொல்லு கோமதி" என்றேன்.

"அந்த நாற்காலிய நான் பாக்கணும்" என்றாள்.

மாசத்தில் ஒரு ஞாயிறு வீட்டு ஆட்களும் வரலாம். வந்தாள். பஸ்ஸில் எனக்கு மூன்று சீட்டு தள்ளி உட்கார்ந்தாள். அறைக்குள் நான் கை காட்டுவதற்கு முன்னால் அவளே அந்த நாற்காலியைக் கண்டுபிடித்துவிட்டாள். கூட்டம் முடிகிற வரைக்கும் அவள் விரல் அந்த முடிச்சின் மேலேயே இருந்தது. அவள் முறை வந்தபோது, "நான் தேசப்பன் பொண்டாட்டி" என்றாள். உட்கார்ந்துவிட்டாள். நீ யார், எத்தனை வாரம் வந்தாய் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் லாரி டிரைவர் எழுந்து அவளைக் கும்பிட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். திரும்பி வரும்போதும் அதே மூன்று சீட்டு தள்ளித்தான் உட்கார்ந்தாள். தண்டம் கட்டியாயிற்று, அவ்வளவுதான் போல என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

போன ஞாயிறு மணல் மேட்டில் படகு தட்டிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளிக் கரை சேர்வதற்குள் நாலு ஆகிவிட்டது. ஈரக் கைலியோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு உன்னை விட்டுவிட்டுப் போன அதே நாலு மணி பஸ். அந்த வாரம் முழுக்க எனக்கு நாக்கு ஊறிக்கொண்டே இருந்தது மாப்ள, யாரிடமும் சொல்லவில்லை. இந்த பஸ்ஸை விட்டால் நேரே கடைக்குத்தான் போவேன் என்று எனக்கே தெரிந்தது.

ஸ்டாண்டு வாசலில் இறால் விற்றுக்கொண்டிருந்த கோமதி எழுந்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸுக்கு முன்னால், நட்டநடு ரோட்டில் வைத்தாள். டிரைவர் ஹாரன் அடித்து, "வேற வண்டி கெடைக்கலியா சாவுகிராக்கி" என்று கத்தினார். கோமதி பஸ்ஸின் மூஞ்சியில் பட்டென்று ஒரு அடி அடித்தாள்.

"இருய்யா! எங்கண்ணன் வருது!"

ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. நான் ஏறினேன். உள்ளேயிருந்து பாய் கையை நீட்டி இழுத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூடையை எடுத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே போனாள்.

உன் நாற்காலியில் நான் இப்போது உட்காருவதில்லை. புதிதாக வருகிறவர்களை அதில் உட்காரவைக்கிறேன். நூல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, திரும்பக் கட்ட வேண்டும். அதற்காக இடது கையால் முடிச்சுப் போடப் பழகுகிறேன். அசிங்கமாகத்தான் வருகிறது, இப்போதும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் செய்கிறேன்.

அன்றைக்கு உன்னை ஏறவிடாமல் பிடித்த கை இது மாப்ள. இனி ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு இது அந்த பஸ்ஸின் கம்பியைப் பிடித்திருக்கும். கடலே பொங்கி வந்தாலும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்கு மறுபடியும் அண்ணனாகிவிட்ட
உன் மச்சான் எத்திராஜ்